சொந்த ஊருக்கு ஏதாச்சும் செய்யணும்: கட்டடமா, ஸ்காலர்ஷிப்பா, ட்ரஸ்ட்டா, சாப்பாடா?

இந்தக் கேள்வி மூணு விதமான ஆளுங்ககிட்ட இருந்து வருது. பத்தாவது முடிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல காசு சேருது, ஸ்கூலுக்கு என்ன பண்ணலாம்னு கேக்குறவங்க ஒரு கூட்டம். ரிட்டயர் ஆகி பிஎஃப் பணம் வந்திருக்கு, பிள்ளைங்க செட்டில் ஆயாச்சு, அப்பா பேர்ல ஊர்ல ஏதாச்சும் செய்யணும்ங்கறவங்க இன்னொண்ணு. மூணாவது துபாய், சிங்கப்பூர் பக்கம் இருந்து, "அண்ணா அனுப்ப ரெடி, யார்கிட்ட அனுப்புறதுன்னுதான் தெரியல"ன்னு. எல்லாரும் கடைசில வந்து நிக்கிறது எது பெஸ்ட்ங்கற ஒரே இடத்துலதான்.

பெஸ்ட்னு பொதுவா ஒண்ணு இல்ல. ஆனா நம்ம நாட்டுல பெருசா கொடுத்தவங்க எப்படிக் கொடுத்தாங்க, அவங்களைக் கொடுக்க வெச்சது எதுன்னு வரிசையா பாத்தா ஒண்ணு புரியும். எந்த விஷயம் அவங்களைப் போட்டு உலுக்குச்சோ அதுக்கு ஏத்த மாதிரிதான் கொடுத்த விதமும் இருந்திருக்கு. பசி உலுக்கினவர் அடுப்பு மூட்டினார், காலேஜ் இல்லையேன்னு உலுக்கினவர் காலேஜ் கட்டினார். நம்ம ஆளுங்க இதைத் தலைகீழா பண்றாங்க, பக்கத்து பேட்ச் ஆர்ச் கட்டினான்னு இவங்களும் ஆர்ச் கட்டுறாங்க.

## முதல்ல எதை வெச்சு எடை போடுறது

நான் பாக்குறது அஞ்சு விஷயம்.

உங்களைத் தள்ளுறது எது: நன்றிக்கடனா, யாரோட நினைவா, இல்ல நீங்க பட்ட கஷ்டம் இன்னொரு பிள்ளை படக்கூடாதுங்கறதா. ரெண்டாவது, அஞ்சாவது வருஷம் யார் காசு போடுவா. முதல் வருஷத்துக்குக் காசு எப்படியும் வந்துரும், திறப்பு விழாவுக்கு யார் வேணா வருவா. மூணாவது, உங்ககிட்ட நேரம் இருக்கா, பணம் மட்டும்தானா. நாலாவது, பேர் வேணுமா. வேணும்னா வெக்கப்படாம சொல்லுங்க, தப்பே இல்ல, ஆனா அது கணக்குல வரணும். அஞ்சாவது, அரசாங்கம் ஏற்கனவே அதைப் பண்ணுதா. இந்தக் கடைசியை யாரும் பாக்குறதே இல்ல, அதனாலதான் ஒரே ஸ்கூலுக்கு மூணு ஆர்ஓ மெஷின் வருது, மூணும் ரிப்பேர்ல கிடக்குது.

## கட்டடம், நிலம்

இதுல அழகப்பரை விட்டுட்டு பேச முடியாது. 1947ல அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்துல சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், வசதி இருக்கறவங்க காலேஜ் ஆரம்பிக்க முன்வரணும்னு கேட்டார். கூட்டத்துல இருந்த அழகப்பச் செட்டியார் அங்கயே காரைக்குடில நான் ஆரம்பிக்கிறேன்னு சொல்லிட்டார், அந்த ஆகஸ்ட்லயே காலேஜ் நடக்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வருஷம் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு நேரு காரைக்குடில அடிக்கல் நாட்டினார், அதுக்கு அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். அந்தக் காலத்து 15 லட்சம்! உடம்பு நோயில படுத்திக்கிட்டு இருந்தப்பவும் கொடுக்கறதை நிறுத்தல, குடியிருந்த வீட்டையும் பொண்ணுங்க படிக்கக் கொடுத்தார், 48 வயசு நிறையறதுக்குள்ள 1957 ஏப்ரல்ல போயிட்டார்.

கதையா கேட்டா உடனே நாமளும் ஒரு பில்டிங் கட்டணும்னு தோணும். ஆனா கவனிக்க வேண்டியது வேற இடத்துல இருக்கு. ஆய்வு நிலையத்தோட வருஷச் செலவை மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எடுத்துக்கிச்சு. அவர் வெச்சுட்டுப் போன காலேஜ்களைச் சுத்தி 1985ல மாநில அரசு அழகப்பா பல்கலைக்கழகம் கொண்டு வந்துச்சு. அதாவது அவர் கொடுத்தது முதல், நடத்துற செலவைத் தாங்க பின்னாடி பெரிய கை ஒண்ணு இருந்துச்சு.

நம்ம கட்டுற ரெண்டு ரூம் கிளாஸுக்கும், டாய்லெட்டுக்கும் அந்தக் கை யாரு? டாய்லெட் கட்டுறது சுலபம்ங்க. தண்ணி யாரு விடுவா, மோட்டார் எரிஞ்சா யாரு மாத்துவா, தினமும் கழுவ ஆளுக்கு மாசச் சம்பளம் எங்க இருந்து வரும்? இதுக்கு பதில் இல்லாம கட்டின டாய்லெட்டுக்கு ஆறே மாசத்துல பூட்டு விழும், சாவி ஹெச்எம் டேபிள்ல இருக்கும். ஸ்மார்ட் போர்டும் இதே கதைதான், கரண்ட் பில், இன்டர்நெட், அதை வெச்சு பாடம் நடத்த பழகின டீச்சர்னு மூணு செலவு பின்னாடியே வரும். அரசுப் பள்ளின்னா நீங்களா மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போய் செங்கல் வெக்கவும் முடியாது, எஸ்டிமேட், இன்ஜினியர் ஒப்புதல், துறை அனுமதின்னு நடை இருக்கு. கட்டி முடிச்சா அது அரசாங்கச் சொத்து, நாளைக்கு இடிச்சாலும் நீங்க கேக்க முடியாது.

கட்டடத்தை விட நிலம் கொடுக்கறது பல நேரம் மேல். மதுரை கொடிக்குளத்துல ஆயி அம்மாள்ங்கற பூரணம் அம்மா, பேங்க்ல வேலை பாக்குறவங்க, 2024 ஜனவரியில 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அந்த ஊர் நடுநிலைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தாங்க, அதை உயர்நிலைப் பள்ளி ஆக்கறதுக்காக. தவறிப்போன மக ஜனனி நினைவா. பள்ளிக்கு மக பேர் வெக்கணும்ங்கறதுதான் அவங்க கேட்டது. இங்க எல்லாமே பொருந்தி வருது பாருங்க. உலுக்கினது மகளோட இழப்பு, பள்ளி உயரத் தடையா இருந்தது இடம், அது கிடைச்சா கட்டவும் நடத்தவும் அரசாங்கம் இருக்கு. பேர் கேட்டதையும் யாரும் குறை சொல்ல முடியாது.

யாருக்கு சரி: பெரிய தொகை ஒரே தடவையா இருக்கு, கூட மாட நிக்க நேரம் இல்ல, பள்ளியில அது நிஜமாவே இல்லாம இருக்கு, பராமரிப்புக்கு ஒரு ஏற்பாடு எழுத்துல இருக்குன்னா மட்டும். அரசோட "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" தளத்துல எந்தப் பள்ளிக்கு என்ன வேணும்னு பாக்கலாம். அதை விட முக்கியமா பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல ஒரு நாள் போய் சும்மா உக்காருங்க. அங்க இருக்கற அம்மாக்கள் சொல்ற லிஸ்ட் வேற மாதிரி இருக்கும்.

## பிள்ளைகளோட படிப்பு

இப்போதைக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் அகரம். சூர்யா 2006ல ஆரம்பிச்சது, 2010ல "விதை" திட்டம் வந்துச்சு, வீட்டுலயே முதல் தலைமுறையா காலேஜ் போற கிராமத்துப் பிள்ளைகளுக்கு. அதுக்கெல்லாம் முன்னாடியே அவங்க அப்பா சிவகுமார் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பரிசு கொடுத்துக்கிட்டு இருந்தவர், அப்பா பழக்கம் பையனுக்கு ஒட்டிக்கிச்சு. ஆனா பரிசு கொடுக்கறதுக்கும் விதைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. பரிசு நல்லா படிச்சு மேல வந்துட்டவனுக்குப் போகுது. விதை மாதிரி திட்டத்துல வீட்டுக்கே போய் நிலைமையைப் பாத்து பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, காலேஜ்ல சீட் வாங்கி, ஹாஸ்டல், இங்கிலீஷ் பயிற்சி, பேசறதுக்கு ஒரு அண்ணன் அக்கான்னு படிப்பு முடியற வரைக்கும் கூடவே இருக்காங்க. இதுல பணம் பாதி, ஆள் பாதி.

அதுதான் இந்த வழியோட மறைமுகச் செலவும். ஃபீஸ் கட்டிட்டு மறந்துட்டா செகண்ட் இயர்ல அந்தப் பிள்ளை எங்க இருக்குன்னே தெரியாது. போன் எடுக்கணும், அரியர் வெச்சா திட்டாம பேசணும், வீட்டுல கல்யாணப் பேச்சு எடுத்தா அவங்க அப்பாகிட்ட பதமா ஒரு வார்த்தை சொல்லணும். ஒரு பிள்ளைக்கு மூணு நாலு வருஷம்னு மனசுல முடிவு பண்ணிட்டுத்தான் இறங்கணும், ரெண்டாவது வருஷம் கையை விட்டா ஆரம்பிக்காம இருந்ததை விட மோசம்.

இன்னொண்ணு, இப்ப நிலைமை மாறியிருக்கு. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்ச பிள்ளை 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் போனா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் ரெண்டையும் அரசாங்கமே கட்டுது. காலேஜ் போற பிள்ளைகளுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்ங்கற அரசுத் திட்டங்கள்ல மாசம் 1000 ரூபாய் வருது. அப்போ நீங்க போய் அதே ஃபீஸைக் கட்ட வேண்டியதில்ல. ஓட்டை எங்க இருக்குன்னு பாருங்க. அரசு உதவி பெறும் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு அந்த 7.5 கிடையாது, வீடு என்னவோ அதே ஓட்டு வீடுதான். நர்சிங் டிப்ளமா, பாலிடெக்னிக், தனியார் ஆர்ட்ஸ் காலேஜ் போறவங்களுக்கும் ஃபீஸ் பாரம் அப்படியே இருக்கு. ஒதுக்கீட்டுல போற பிள்ளைக்குமே முதல் மாசம் பெட்டி, போர்வை, நல்லதா நாலு டிரஸ், லேப்டாப், ஊருக்கு வந்து போற பஸ் காசு யார் கொடுப்பா? பல வீட்டுல கந்துவட்டி ஆரம்பிக்கறது இந்தச் சின்னக் காசுலதான். காசே இல்லாதவங்களும் செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு: முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கவுன்சிலிங் சாய்ஸ் ஃபில்லிங், இதுக்கெல்லாம் இ-சேவை மையத்துக்குக் கூடப் போய் நிக்க படிச்ச ஆள் ஒருத்தர். மே, ஜூன் ரெண்டு மாசம் ஊர்ல இருக்கற ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் இதைப் பண்ணாலே லட்ச ரூபா ஸ்காலர்ஷிப்புக்கு சமம்.

ஒரே ஒரு கண்டிஷன் நான் போடுவேன். செக் கொடுக்கற போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடாதீங்க. அந்தப் பொண்ணு நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல அது அவ கண்ணு முன்னாடி வந்து நிக்கும்.

யாருக்கு சரி: மாசச் சம்பளக்காரங்க, கொஞ்சமா ஆனா நிக்காம கொடுக்க முடிஞ்சவங்க, முக்கியமா தானே அப்படி யாரோ ஒருத்தர் தயவுல படிச்சு வந்தவங்க. அவங்களுக்குத்தான் அந்தப் பிள்ளை எதைக் கேக்கக் கூச்சப்படும்னு கேக்காமலே தெரியும்.

## சொந்த அறக்கட்டளை

ரிட்டயர் ஆனவங்க பாதி பேருக்கு இந்த ஆசை இருக்கு. அப்பா பேர்ல ட்ரஸ்ட், லெட்டர்பேட், போர்டு. அவங்களுக்கு நான் பச்சையப்ப முதலியார் கதையைத்தான் சொல்றது. 1794ல செத்துப்போனப்போ சொத்தை தர்மத்துக்குன்னு உயில் எழுதி வெச்சிருந்தார். உயில்ல இருந்தது பெரும்பாலும் கோயில் கைங்கர்யம். அதுக்கப்புறம் சொத்து வழக்குல மாட்டி வருஷக்கணக்கா இழுத்து, அட்வகேட் ஜெனரலா இருந்த ஜார்ஜ் நார்ட்டன் தலையிட்டு, குவிஞ்சு கிடந்த பணத்துல மிஞ்சினதை படிப்புக்குத் திருப்பி, அவர் பேர்ல முதல் பள்ளிக்கூடம் திறந்தது 1842ல. 48 வருஷம்! இன்னைக்கு பச்சையப்பன் காலேஜ்ல படிச்சு வந்தவங்க எத்தனை ஆயிரம் பேர், ஆனா அதுல ஒருத்தரையும் அவர் மனசுல நினைச்சிருக்க வாய்ப்பில்ல. ட்ரஸ்ட்டோட பலமும் ஆபத்தும் இதுதான், நீங்க போனப்புறமும் அது இருக்கும், ஆனா நீங்க நினைச்சதைத்தான் செய்யும்னு உறுதி கிடையாது.

அவ்வளவு தூரம் போக வேணாம், இப்பவே உள்ள செலவைப் பாருங்க. பத்திரப் பதிவு, பான், பேங்க் அக்கவுண்ட், வருமான வரித்துறையில ட்ரஸ்ட்டோட வரி விலக்குக்கு 12ஏபி, கொடுக்கறவங்களோட வரிக் கழிவுக்கு 80ஜின்னு பதிவு, அதைக் காலம் முடியறப்போ புதுப்பிக்கறது, ஆடிட்டர், வருஷா வருஷம் ரிட்டர்ன். வர்ற வருமானத்துல 85 சதவீதத்தை அந்த வருஷமே செலவு பண்ணணும்னு விதி இருக்கு, இல்லன்னா அதுக்குத் தனியா காரணம் எழுதிக் கொடுக்கணும். வருஷத்துக்கு ஒரு லட்சம் ரெண்டு லட்சம் கொடுக்கற ட்ரஸ்ட்டுக்கு இந்தச் செலவு நல்லாவே கையைக் கடிக்கும். ட்ரஸ்டியா யாரைப் போடுறதுங்கறது தனித் தலைவலி. மச்சானைப் போட்டா பிரச்சனை, போடலன்னா அதை விடப் பெரிய பிரச்சனை.

யாருக்கு சரி: கையில நிரந்தர வருமானம் தர்ற சொத்து இருக்கு, அடுத்த தலைமுறையில ஒருத்தராவது மனசோட இதுக்கு வர்றாங்கன்னா. மத்தவங்க ஏற்கனவே ஒழுங்கா நடக்கற ட்ரஸ்ட்ல, இல்ல நீங்க படிச்ச காலேஜ்லயே அப்பா பேர்ல ஒரு நிதி வெச்சு, வட்டியில வருஷம் ஒரு பிள்ளைக்குன்னு முடிச்சுக்கலாம். பேரும் நிக்கும், ஆடிட்டருக்கும் அழ வேணாம்.

## சாப்பாடு

வள்ளலார் வடலூர்ல தருமசாலை ஆரம்பிச்சது 1867 மே மாசம். அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையலன்னு சொல்றோம்ல, அதுல ஆச்சரியம் அடுப்பு இல்ல, இத்தனை வருஷமா அரிசி வந்துக்கிட்டே இருக்கறதுதான். அவர் பணக்காரர் கிடையாது. பசின்னு வந்தவன் என்ன சாதி, என்ன ஊருன்னு கேக்காம போடணும்ங்கறதுல அவர் காட்டின பிடிவாதத்தை நம்பி ஊர் ஜனங்க நிலம் கொடுத்தாங்க, நெல் கொடுத்தாங்க.

பொறந்தநாளுக்கு, திவசத்துக்கு ஒரு வேளை அன்னதானம் போடுறது நல்ல விஷயம்தான், மனசுக்கும் நிறைவா இருக்கும், பலன் அந்த வேளையோட முடியும். அதுல தப்பில்ல, பசிக்கு அதுதான் கணக்கு. ஆனா எங்க போடுறீங்கன்னு யோசிக்கணும். அரசு தொடக்கப் பள்ளியில 2022ல இருந்து காலைச் சாப்பாடு வந்துருச்சு, மதியம் சத்துணவு ஏற்கனவே இருக்கு, அங்க போய் இன்னொரு பொங்கல் வேணாம். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்ல ஏழு மணி வரைக்கும் உக்காந்திருக்கற பத்தாவது, ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு சுண்டல், ஒரு வாழைப்பழம் யாரும் தர்றதில்ல. ஜிஹெச்ல நோயாளிக்கு சாப்பாடு உண்டு, கூட இருக்கற அம்மா டீயும் பன்னும் சாப்பிட்டு நாலு நாள் ஓட்டுவாங்க. கம்மி பட்ஜெட்ல உடனே பலன் தெரியணும்னு நினைக்கறவங்களுக்கு இதை விட நல்ல இடம் கிடையாது.

## கூட்டா கொடுக்கறது

பேட்ச் குரூப் ஆளுங்க இதைப் படிச்சா போதும், மேல உள்ளதை விட்டுடலாம். விருதுநகர்ல சத்திரிய வித்யாசாலாங்கற பள்ளிக்கூடம் வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வெச்சு, அதைச் சேத்து வித்து நடந்துச்சு. வியாபாரிங்க மகமைன்னு தனியா ஒரு பங்கு போட்டாங்க. அந்தப் பள்ளியில படிச்ச ஒரு பையன்தான் காமராஜர். பின்னாடி முதலமைச்சர் ஆனதும் மதிய உணவும், ஊர் ஜனங்களே பள்ளிக்குப் பொருள் கொடுக்கற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அவர் கொண்டு வந்ததை அந்தப் பிடி அரிசியோட சேத்துப் பாக்காம எனக்கு இருக்க முடியல. (அன்னைக்கு மகமை ஒரு சமூகத்துக்குள்ள நடந்தது, இன்னைக்கு அந்தச் சுவர் நமக்குத் தேவையில்ல, முறையை மட்டும் எடுத்துக்குவோம்.)

அந்த முறையில சூட்சுமம் தொகை சின்னதா இருந்ததுதான். ஒரு பிடியை யாரும் மறுக்க மாட்டாங்க, நிறுத்தவும் மாட்டாங்க. பேட்ச்ல நாப்பது பேர் மாசம் 300 ரூபா ஆட்டோ டெபிட் போட்டா மாசம் 12,000, வருஷம் 1,44,000. ஒரே தடவை ஆளுக்கு அஞ்சாயிரம் வசூல் பண்ணி ரெண்டு லட்சத்துல ஆர்ச் கட்டுறதை விட இது எவ்வளவோ மேல், பள்ளி டாய்லெட் கழுவற அக்காவுக்கு சம்பளமே இதுல இருந்து கொடுக்கலாம். மறைமுகச் செலவு சண்டை. கணக்கு யார்கிட்ட, பேங்க் ஸ்டேட்மென்ட் மாசாமாசம் குரூப்ல வருதா, துபாய்ல இருக்கறவன் அதிகம் போட்டா அவன் சொல்றதுதான் நடக்கணுமா. எல்லாரும் ஒரே தொகை, ரெண்டு பேர் கையெழுத்து, இது ரெண்டையும் முதல் நாளே முடிவு பண்ணிருங்க.

## ஒரு பார்வையில

| வழி | தொடக்கச் செலவு | அஞ்சாவது வருஷம் | உங்க நேரம் | பேர் நிக்குமா |
|---|---|---|---|---|
| கட்டடம் | பெருசு | பராமரிப்பு, பெரும்பாலும் யாரும் யோசிக்காதது | கட்டற வரைக்கும் | நிக்கும், கல்வெட்டோட |
| நிலம் | சொத்தே | அரசு பாத்துக்கும் | பதிவு, அலைச்சல் | கேட்டு வாங்கணும் |
| படிப்பு உதவி | நடுத்தரம் | அதே அளவு தொடரணும் | ரொம்ப | அந்தப் பிள்ளை மனசுல |
| அறக்கட்டளை | பெருசு | ஆடிட், ரிட்டர்ன் | எப்பவும் | நிக்கும், நோக்கம் மாறலாம் |
| சாப்பாடு | கம்மி | விட்டா நின்னுரும் | கொஞ்சம் | எதிர்பாக்காதீங்க |
| கூட்டு | ரொம்பக் கம்மி | ஆள் உதிராம பாக்கணும் | ஒருத்தர் ரெண்டு பேருக்கு ரொம்ப | பேட்ச் பேர் |

## வரி, வெளிநாட்டுப் பணம்

80ஜி கழிவு பழைய வரி முறையில இருந்தாதான், புது முறைக்கு மாறினவங்களுக்குக் கிடையாது. ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல கொடுத்தா கழிவு இல்ல. நேரா ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினாலும் இல்ல. அதனால வரிக்காகக் கொடுக்கறேன்னு யாராச்சும் சொன்னா அவங்க எந்த முறையில இருக்காங்கன்னு முதல்ல கேளுங்க. வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய பாஸ்போர்ட்டோட இருந்தா தன் சம்பாத்தியத்தை வழக்கமான பேங்க் வழியில அனுப்பறது சிக்கல் இல்ல. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சுன்னா, வெளிநாட்டு இந்தியருக்கான ஓசிஐ கார்டு இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், வாங்கற ட்ரஸ்ட்டுக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவு இருக்கணும். பேட்ச் ட்ரஷரர் அக்கவுண்ட்டுக்குப் போட்டு விடறேன்னு சொல்லி அந்த ஆளை வம்புல மாட்டி விட்டுடாதீங்க.

## அப்ப நான் என்ன சொல்வேன்

பேட்ச் குரூப்புக்கு: பிடி அரிசி வழி, கண்ணை மூடிக்கிட்டு. சேர்றதுல பாதியை பள்ளியோட ஓடுற செலவுக்கும், பாதியை அந்த வருஷம் காலேஜ் போற ரெண்டு பிள்ளைகளோட முதல் மாசச் செலவுக்கும் வெச்சுக்குங்க.

பிஎஃப் பணத்தோட இருக்கற ஐயாவுக்கு: முதல்ல மருத்துவச் செலவுக்கும் உங்க ரெண்டு பேர் கடைசிக் காலத்துக்கும் எடுத்து வெச்சுட்டு மிச்சத்தைப் பேசுங்க. பாலம் கல்யாணசுந்தரம் ஐயா ஸ்ரீவைகுண்டம் காலேஜ்ல நூலகரா இருந்தப்போ சம்பளத்தையே முப்பது வருஷமா கொடுத்துட்டு, தன் செலவுக்கு ஹோட்டல்லயும் வேலை பாத்தவர், 2023ல பத்மஸ்ரீ வாங்கினார். வருமானத்துல பத்துல ஒரு பங்கை கொடுன்னு அம்மா சொன்னதை அவர் பத்துல பத்தா எடுத்துக்கிட்டார். அவர் கல்யாணம் பண்ணிக்கல, அந்தக் கணக்கு குடும்பஸ்தனுக்கு ஒத்து வராது, நீங்க அம்மா சொன்ன பத்துல ஒண்ணோட நில்லுங்க. பணத்தை விட உங்க ஜூன் மாசத்தைக் கொடுங்க, காலேஜ் சேர்ற பிள்ளைகளோட இ-சேவை மையத்துக்குப் போய் நிக்க. மதுரையில டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில ரிட்டயர் ஆனப்புறம் 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சப்போ அவர்கிட்ட இருந்த பெரிய முதல், மூட்டுவாதத்துல வளைஞ்சு போன விரலை வெச்சே கண் ஆபரேஷன் பண்ணப் பழகின கைதான். நாப்பது வருஷம் நீங்க பாத்த வேலையிலயும் ஊருக்கு ஆகறது ஏதாச்சும் இருக்கும். அது ஆபீஸ்ல ஃபைல் நகர்த்தத் தெரியறதா இருந்தாலும் சரி, பட்டா மாறுதலுக்கு அலையற ஆளுக்கு அது பெரிய விஷயம்.

வெளிநாட்டுத் தம்பிக்கு: உன்கிட்ட நேரம் இல்ல, ஊர்ல ஆளும் இல்ல. கட்டடமும் வேணாம், ட்ரஸ்ட்டும் வேணாம். பிள்ளைகளைப் பின்தொடர ஆள் வெச்சிருக்கற ஒரு நல்ல அமைப்புக்கு மாசாமாசம் அனுப்பு, வருஷம் ஒரு தடவை லீவுல வர்றப்போ அவங்க படிக்க வெக்கற பிள்ளைகள்ல நாலு பேரையாவது நேர்ல பாத்துப் பேசு. அந்த அமைப்பு பாக்க விடலன்னா அடுத்த மாசத்துல இருந்து வேற இடத்துக்கு மாத்திரு.